மலையடிவார வகுப்பறையில் பெற்றோருக்கும் இடம் வேண்டும்

கோவை நகரின் பல வீடுகளில் குழாயைத் திறந்தால் வரும் சிறுவாணித் தண்ணீர், கேரளத்தின் அட்டப்பாடிப் பக்கத்து மலையில் தேங்கி வருவது. பொள்ளாச்சி, உடுமலை வட்டாரங்களின் வயலுக்குப் பாயும் பரம்பிக்குளத்துத் தண்ணீர் பாலக்காடு மாவட்டத்துக் காட்டில் சேர்கிறது. அமராவதி அணையை நிரப்பும் பாம்பாறு ஆனைமுடியைச் சுற்றியுள்ள புல்வெளிகளிலும் சோலைகளிலும் பிறந்து, மறையூர் வழியாக இறங்கி, சின்னாற்றையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் நெல்லுக்கு 1895 முதல் இடுக்கியின் பெரியாறுதான் தண்ணீர் தருகிறது. மாநில எல்லை மலையின் முதுகில் போட்ட கோடு. தண்ணீரும் யானையும் வரையாடும் அந்தக் கோட்டைக் கவனிப்பதில்லை, தமிழும் அப்படித்தான். கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, மறையூர், மூணாறு, தேவிகுளம், வண்டிப்பெரியாறு, குமுளி என்று எல்லையோரத்தின் கேரளப் பக்கத்தில் தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. உலகின் பல்லுயிர் வளம் மிகுந்த மலைத்தொடர்களில் ஒன்று இவர்களின் கொல்லைப்புறம். அந்தக் கொல்லைப்புறத்தை இவர்களின் பிள்ளைகளுக்கு யார், எப்படிச் சொல்லித்தர வேண்டும் என்பதைப் பற்றி எனக்கு ஒரு தீர்மானமான கருத்து உண்டு. பிள்ளைகளை மட்டும் பேருந்தில் ஏற்றி ஒருமுறை தேசியப் பூங்காவுக்கு அழைத்துப் போவதைவிட, பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு மரத்தை, ஓர் ஓடையை, வானத்து மழையை ஆண்டுக்கணக்கில் பார்த்து எழுதிவைப்பதுதான் சூழல் கல்வி. இதற்கு ஆதாரம் இருக்கிறது. இதற்கு எதிரான வாதங்களும் இருக்கின்றன, அவற்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

நம் நாட்டில் சூழல் கல்விக்குச் சட்டத்தின் துணைக்குக் குறைவில்லை. எம்.சி. மேத்தா வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் அதைப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. பாடநூல் வந்தது, தேர்வு வந்தது, மதிப்பெண் வந்தது. ஆனால் பெயரைப் படிப்பது வேறு, உயிரை அறிவது வேறு. பிரிட்டனில் ஆண்ட்ரூ பாம்ஃபோர்டும் அவர் குழுவினரும் 2002-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. குழந்தைகளிடம் தங்கள் நாட்டின் சாதாரண விலங்கு, செடிகளின் படங்களையும் போக்கிமான் கார்ட்டூன் பாத்திரங்களின் படங்களையும் காட்டி அடையாளம் கேட்டார்கள். எட்டு வயதுக் குழந்தைகள் போக்கிமான்களில் எண்பது விழுக்காட்டுக்கு அருகில் சரியாகச் சொன்னார்கள்; சொந்த ஊர் உயிர்களில் ஏறக்குறைய பாதியைத்தான் சொன்னார்கள். குழந்தைகளின் நினைவாற்றலில் குறை ஏதும் இல்லை என்பதற்கும் இதே ஆய்வுதான் சாட்சி. எதைத் திரும்பத் திரும்ப, ஆசையோடு, கூட்டாளிகளோடு பார்க்கிறார்களோ அதை அவர்கள் மறப்பதில்லை.

சிறுவயதில் இயற்கையோடு பழகியது பெரியவர் ஆன பிறகு என்னவாகிறது என்று அமெரிக்காவில் நான்சி வெல்ஸும் கிறிஸ்டி லெக்கீஸும் ஆராய்ந்தார்கள். 18 முதல் 90 வயது வரையிலான சுமார் 2,000 நகரவாசிகளிடம் கேட்டுப் பெற்ற விவரங்களை வைத்து 2006-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பதினோரு வயதுக்கு முன் காட்டில் நடந்தது, விளையாடியது, மீன் பிடித்தது, கூடாரமடித்துத் தங்கியது போன்ற அனுபவம் உள்ளவர்கள் பின்னாளில் சூழல் மீது அக்கறை காட்டுவது கூடுதலாக இருந்தது. செடி வளர்த்தவர்களிடமும் அந்தத் தொடர்பு தெரிந்தது, கொஞ்சம் குறைவாக. முறையான சூழல் கல்வித் திட்டங்களில் கலந்துகொண்டதற்கு மட்டும் அப்படிப்பட்ட தொடர்பு புலப்படவில்லை. ஆசிரியர்களும் வனத்துறையினரும் நின்று யோசிக்க வேண்டிய முடிவு இது. இதற்கு மறுப்பும் சொல்லலாம்: பெரியவர்களின் நினைவை நம்பிச் செய்த ஆய்வு, இயல்பிலேயே இயற்கை மேல் ஈடுபாடு உள்ளவர்கள் சிறுவயதிலும் காட்டுக்குப் போயிருக்கலாம், எது காரணம் எது விளைவு என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. மறுப்பு நியாயமானது. அதனால்தான் வேறு வகை ஆய்வுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கென்டக்கியிலும் நார்வேயிலும் சூழல் பணியில் வாழ்நாளைச் செலவிட்ட 56 பேரை லூயீஸ் சாவ்லா நேரில் கண்டு, இந்த வழிக்கு எது உங்களைக் கொண்டுவந்தது என்று கேட்டார். பெரும்பான்மையோர் இரண்டைச் சொன்னார்கள்: சிறுவயதில் ஓடியாடிய இயற்கையான இடங்கள், குடும்பத்துப் பெரியவர் ஒருவர்.

குடும்பம் என்ற சொல் இங்கே முக்கியம். சீஷெல்ஸ் தீவுகளில் பள்ளி வனவிலங்கு மன்றங்களில் ஈரநிலங்களைப் பற்றிப் படித்த பிள்ளைகளையும் அவர்களின் பெற்றோரையும் சோதித்த ஆய்வு 2013-ல் வந்தது. ஈரநிலம் பற்றிப் படித்த பிள்ளைகளின் பெற்றோருக்கு அதைப் பற்றி மற்றப் பெற்றோரைவிடக் கூடுதலாகத் தெரிந்திருந்தது, அந்த வீடுகளின் தண்ணீர்ச் செலவுப் பழக்கத்திலும் வேறுபாடு தெரிந்தது. அமெரிக்காவின் வட கரோலினாவில் நடந்து 2019-ல் வெளியான இன்னொரு ஆய்வு மேலும் ஒழுங்கானது. பாடம் நடந்த வகுப்புகளையும் நடக்காத வகுப்புகளையும் ஒப்பிட்டது. பருவநிலை மாற்றத்தை உள்ளூர்க் களப்பணியோடு சேர்த்துப் படித்த பிள்ளைகளின் பெற்றோருக்கு அந்தப் பிரச்சினையில் கவலை கூடியது. அந்தக் கவலை குறைவாக இருந்த தந்தையரிடம்கூட மகள்கள் சொன்ன சொல் எடுபட்டது. பெற்றோர் வகுப்பறைக்குள்ளேயே வராதபோது இவ்வளவு நடக்கிறது. அவர்களும் உடன் நடந்தால் என்ன ஆகும் என்பதே கேள்வி.

நம் எல்லையோர மலைகளில் இந்தக் கேள்விக்கு இன்னொரு பக்கமும் உண்டு. இங்கே அறிவு பிள்ளையிடமிருந்து பெற்றோருக்குப் போவதைப் போலவே பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கும் வரவேண்டியிருக்கிறது. முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து பறித்த ஒரு பெண்ணுக்கு, எந்தச் சரிவில் பனி முதலில் விழும், எந்த ஓடை பங்குனியிலும் வற்றாது, அட்டை எந்த வாரம் கிளம்பும் என்பதெல்லாம் கணக்காகத் தெரியும். முதுவர் குடிகளில் வாழ்பவர்களும், மறையூர் மலைப்புலையரும், பரம்பிக்குளத்துக் காடரும், அட்டப்பாடி இருளரும் அறிந்திருப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சின்னாறு சரணாலயத்துக்குள் தாயண்ணன்குடி முதுவர்கள் கைவிட்டுப்போன பழைய கேழ்வரகு ரகங்களைத் தேடிச் சேர்த்து மீண்டும் விதைத்தது, விதை வங்கி ஒன்றுக்கு ஈடான வேலை. இந்த அறிவைப் பள்ளி கேட்பதில்லை. கேட்காததால் அந்தப் பிள்ளைகளே தம் தாய் தகப்பனுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்து வளர்கிறார்கள். அந்த அறிவின் மதிப்புக்குப் பாலக்காடு மாவட்டச் சித்தூர் வட்டத்தின் பிளாச்சிமடை சாட்சி: அங்கே கிணறுகள் கெட்டதை முதலில் கண்டுபிடித்தது ஆய்வகம் இல்லை. 2000-ல் அங்கே கோகோ கோலா ஆலை வந்த சில காலத்திலேயே தண்ணீர் கடுத்துப்போனதையும் சமைத்தால் சோறு சரியில்லாமல் போவதையும் கவனித்தவர்கள் அன்றாடம் அந்தத் தண்ணீரை மொண்ட பழங்குடிப் பெண்கள். 2002-ல் தொடங்கிய போராட்டத்தின் முகமாக நின்ற மயிலம்மா பள்ளியில் படித்துச் சூழலியல் அறிந்தவர் அல்லர். ஒரே கிணற்றை நாள்தோறும் பார்த்தவருக்குத்தான் அதன் மாற்றம் தெரியும். சோதனைச்சாலை அறிக்கைகள் பின்னால் வந்தன. 2004 மார்ச்சில் ஆலை உற்பத்தியை நிறுத்தியது.

கேரளத்தில் இயற்கை முகாம் என்ற வழக்கம் புதிதில்லை. பையனூர் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியராக இருந்த ஜான் சி. ஜேக்கப் 1970களிலேயே மாணவர்களைக் காட்டுக்கும் கடற்கரைக்கும் அழைத்துப்போய்த் தங்கவைத்தார். அதே பத்தாண்டில் பாலக்காட்டின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டுவதற்கு எதிராக, 1962-ல் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் ஊர் ஊராக அறிவியல் பேசியது. 1983-ல் அணைத் திட்டம் கைவிடப்பட்டது, 1984-ல் அந்தக் காடு தேசியப் பூங்காவானது. இன்று கேரள வனத்துறை முக்காலி, பரம்பிக்குளம், சின்னாறு, தேக்கடி போன்ற இடங்களில் மாணவர்களுக்குக் கட்டணமில்லாத இயற்கைக் கல்வி முகாம்கள் நடத்துகிறது. இவற்றால் ஒரு தலைமுறை இயற்கை ஆர்வலர்கள் உருவானார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. என் குறை வேறு. முகாம் ஓரிரு நாளில் முடிந்துவிடுகிறது. பிள்ளை வீடு திரும்புகிறது. அங்கே பார்த்த சிங்கவால் குரங்கு வீட்டுப் பக்கத்தில் இல்லை. வீட்டுப் பக்கத்தில் இருக்கும் கொண்டைக்குருவியை முகாமில் யாரும் காட்டவில்லை. காடு என்பது தொலைவில், வேலிக்கு அந்தப்புறம், அனுமதிச் சீட்டோடு பார்க்க வேண்டிய பொருள் என்ற எண்ணம் ஆழப் பதிகிறது. எஸ்டேட் லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வளரும் பிள்ளைகளைப் பொறுத்தவரை இதில் ஒரு கொடுமையும் உண்டு: வெளியூர்க் குடும்பங்கள் பணம் கொடுத்துப் பார்க்க வரும் இடத்தில் வசிப்பவர்கள் இவர்கள்.

அறிவியல் காரணம் ஒன்றையும் சொல்ல வேண்டும். இயற்கையில் முக்கியமானவை ஒருநாளில் தெரிவதில்லை. மீன்வள அறிஞர் டானியல் பாலி 1995-ல் ஒரு கருத்தை முன்வைத்தார்: ஒவ்வொரு தலைமுறையும் தான் கண்விழித்துப் பார்த்த நிலையையே இயல்பான நிலை என்று எடுத்துக்கொள்கிறது, அதற்கு முன் இருந்தது கணக்கிலேயே வராமல் போகிறது. தாத்தா காலத்தில் வற்றாத ஓடை இன்று ஆறு மாதம் ஓடினால், பேரனுக்கு ஆறு மாதம் ஓடுவதே ஓடையின் இயல்பு. இந்த மறதியை உடைக்க இரண்டே வழி. ஒன்று, மூன்று தலைமுறை ஒன்றாக நின்று பார்ப்பது. மற்றது, எழுதிவைப்பது. குடும்பத்தோடு செய்யும் களப்பணியில் இரண்டும் கூடுகின்றன. குறிஞ்சியை எடுத்துக்கொள்வோம். மூணாறைச் சுற்றிய புல்வெளிகளில் நீலக்குறிஞ்சி 2006-லும் 2018-லும் பூத்தது, அடுத்து 2030-ல் பூக்க வேண்டும். ஒரு பரப்பில் உள்ள செடிகளெல்லாம் பன்னிரண்டு ஆண்டு காத்திருந்து ஒன்றாகப் பூத்து, காய்த்து, மடிகின்றன. விதை தின்னும் உயிர்கள் எவ்வளவு தின்றாலும் மிச்சம் நிற்கும் அளவுக்கு ஒரே நேரத்தில் விதை கொட்டுவதுதான் இதன் உத்தி என்று தாவரவியலாளர்கள் விளக்குகிறார்கள். 2018-ல் பிறந்த குழந்தை முதன்முதலாகக் குறிஞ்சியைப் புரிந்து பார்க்கும்போது வயது பன்னிரண்டு. முந்தைய பூப்பு எப்படி இருந்தது, எந்த மேடு வரை நீலமாக இருந்தது என்று அதற்குச் சொல்ல வீட்டில் ஒரு பெரியவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

குறிஞ்சிக்குப் பன்னிரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். வீட்டு வாசல் புளியமரத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 'சீசன்வாட்ச்' என்ற மக்கள் அறிவியல் திட்டம் பத்தாண்டுக்கும் மேலாக நாடெங்கும் நடக்கிறது, அதில் அதிகமாகப் பங்கெடுப்பது கேரளத்துப் பள்ளிப் பிள்ளைகள். வேலை எளிமையானது. ஒரு மரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வாரம் ஒருமுறை அதன் கீழே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். தளிர் இருக்கிறதா, முற்றிய இலை எவ்வளவு, பழுத்த இலை எவ்வளவு, மொட்டு உண்டா, மலர்ந்த பூ உண்டா, பிஞ்சா, பழமா. ஒவ்வொன்றுக்கும் இல்லை, கொஞ்சம், நிறைய என்று மூன்றில் ஒரு விடை. அவ்வளவுதான். மூன்றாம் வாரத்தில் ஒரு குழந்தை கேட்கத் தொடங்கும் கேள்விகள் எந்தப் பாடநூலிலும் இல்லை: வடக்குக் கிளையில் மட்டும் ஏன் தளிர், பூ உதிர்ந்தும் பிஞ்சு ஏன் நிற்கவில்லை, போன மழைக்கும் இந்தப் பூவுக்கும் தொடர்பு உண்டா. சித்திரை விஷுவுக்குக் கணி வைக்கிற சரக்கொன்றை, விஷுவுக்கு வெகு முன்பே பூத்துவிடுவதும் வேறு மாதங்களில் பூப்பதும் இப்படிச் சேர்ந்த பதிவுகளில்தான் தெளிவாகத் தெரிய வருகின்றன. பருவம் பிசகுகிறது என்று எல்லோரும் பொதுவாகச் சொல்லும் பேச்சு, எந்த மரம், எந்த வாரம் என்ற விவரத்தோடு வரும்போதுதான் அறிவியலாகிறது.

மழை இதைவிட முக்கியம், இந்த மலைகளில் அது உயிர் சம்பந்தப்பட்டது. தென்மேற்குக் காற்று மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து மழையைக் கொட்டுகிறது. முகட்டைத் தாண்டிக் கீழிறங்கும்போது வெப்பமேறி வறண்டுபோகிறது. அதனால் சின்னாற்றில் ஆண்டுக்கு 500 மில்லிமீட்டர் அளவுக்கே மழை. சாலை வழியே அறுபது கிலோமீட்டருக்குள் இருக்கும் மூணாறில் அதைப்போலப் பல மடங்கு. பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கோரத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மீண்டும் வறட்சி. ஒரு மலை மடிப்புக்கும் அடுத்த மடிப்புக்கும் மழை இவ்வளவு மாறும் நிலத்தில், மாவட்டத்துக்குச் சில மழைமானிகளை வைத்து எதைத் தெரிந்துகொள்வது? நேர்ச்சுவர் கொண்ட ஒரு கண்ணாடிப் புட்டியும் ஓர் அளவுகோலும் போதும். சுவர் நேராக இருந்தால் வாய் பெரிதா சிறிதா என்ற கவலை வேண்டாம். ஒரு சென்டிமீட்டர் நின்றால் பத்து மில்லிமீட்டர் மழை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு லிட்டர். ஐம்பது சதுர மீட்டர் லயத்துக் கூரை மேல் நேற்றிரவு எத்தனை லிட்டர் விழுந்தது என்று பள்ளிக்குக் கிளம்பும் முன் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கணக்குப் போட்டுவிடலாம். கோட்டயத்தில் மீனச்சிலாற்றுப் படுகையில் பள்ளிப் பிள்ளைகளும் ஊர்மக்களும் மழையளக்கிறார்கள். வயநாட்டில் கல்பற்றாவிலுள்ள ஹியூம் மையம் விவசாயிகளையும் எஸ்டேட் மக்களையும் சேர்த்து இருநூறுக்கும் மேற்பட்ட இடங்களில் மழைமானி வைத்திருக்கிறது. 2024 ஜூலை 30 அதிகாலையில் முண்டக்கை, சூரல்மலையில் நிலச்சரிவு நேர்வதற்கு முன்பே, மேலே 48 மணி நேரத்தில் 500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்ததைக் கண்டு அந்த மையம் எச்சரித்ததாகச் செய்திகள் வந்தன. எச்சரிக்கை எல்லோரையும் காப்பாற்றவில்லை. ஆனாலும் அளவு கையில் இருப்பது வேறு, இல்லாதது வேறு. மூணாறுக்கு மேலே பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு லயங்கள் மண்ணுக்குள் போய் எழுபது பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் தமிழ்க் குடும்பத்தினர். ஒரு புட்டி மழைமானி அவர்களைக் காத்திருக்கும் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் சரிவின் கீழ் வாழும் குடும்பத்துக்குத் தன் சரிவின் மழையை அளக்கவும், எந்த அளவுக்கு மேல் ஆபத்து என்று அறியவும் சொல்லித்தராத சூழல் கல்வி, அதன் முதல் கடமையில் தவறுகிறது.

சிறுபிள்ளைகளும் கூலித் தொழிலாளிகளும் எழுதும் குறிப்பு அறிவியலுக்கு உதவுமா என்ற ஐயம் படித்தவர்களிடையே பரவலாக உண்டு. கேரளத்தில் பறவை பார்த்த வரலாறே அதற்குப் பதில். பாலக்காடு மாவட்டம் காவசேரியில் பிறந்த கே.கே. நீலகண்டன் கேரளப் பறவைகள் பற்றி மலையாளத்திலேயே எழுதிய நூல் 1958-ல் வந்தது. படித்தவரும் படிக்கும் பிள்ளையும் ஒரே பெயரைச் சொல்லிப் பறவை பார்க்க அது வழிசெய்தது. அவர் நினைவாகத்தான் சூலனூர் மயில் சரணாலயம் இருக்கிறது. 1933-ல் சாலிம் அலி திருவிதாங்கூர், கொச்சிப் பறவைகளைக் கணக்கெடுக்க வந்தபோது மறையூரில் தொடங்கிக் குமுளி, பரம்பிக்குளம் என்று சுற்றினார். அது ஓர் அறிஞரின் உழைப்பு. 2015 முதல் 2020 வரை நடந்த கேரளப் பறவை வரைபடத் திட்டம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்களின் உழைப்பு. மாநிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, பார்க்க வேண்டிய இடத்தைப் பார்ப்பவரின் விருப்பத்துக்கு விடாமல் முன்கூட்டியே தீர்மானித்து, மழைக்காலத்திலும் வறட்சிக்காலத்திலும் அளவான நேரம் நின்று எண்ணினார்கள். 25,000 பட்டியல்கள், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள், 361 இனங்கள். ஆசியாவிலேயே இந்த வகையில் பெரிய மக்கள் அறிவியல் பணி அது. தனி ஒருவரின் தவறு பெருந்தொகையில் கரைந்துபோகும்படி முறையை அமைத்தால், பதிவு செய்பவர் முனைவர் பட்டம் பெற்றிருக்க வேண்டியதில்லை. தெரியாத பறவையைத் தெரியாது என்றே எழுதும் நேர்மை போதும், அதைப் பெரியவர்களைவிடக் குழந்தைகளே எளிதாகக் கற்கிறார்கள்.

இனி, மிகவும் மதிக்க வேண்டிய எதிர்வாதம்: ஆபத்து. 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிய மலையேற்றக் குழுவினர் காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இதே இடுக்கி, தேனி எல்லையில் நடந்தது. சின்னக்கானலில் வீடுகளையும் கடைகளையும் உடைத்த அரிக்கொம்பன் யானையை 2023-ல் பிடித்து இடம் மாற்ற வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட இடத்தில் குழந்தைகளை வெளியே கூட்டிப்போகச் சொல்வது பொறுப்பான பேச்சா? குரங்கணி எனக்குச் சொல்லும் பாடம், கோடை முற்றிய புல்மேட்டில் ஊர் அறியாதவர்கள் கூட்டமாகப் போகக்கூடாது என்பது. நான் சொல்லும் களப்பணி அதற்கு நேர் எதிர்த் திசையில் இருக்கிறது: வீட்டிலிருந்து கூப்பிடு தூரம், பகல் வெளிச்சம், சிறு குழு, உடன் அந்தப் பாதையை அறிந்த வனத்துறை வாட்சர் அல்லது மூத்தவர். யானையைப் பொறுத்தவரை எஸ்டேட் பிள்ளைகள் ஏற்கெனவே யானை நடமாடும் வழியில்தான் பள்ளிக்கு நடக்கிறார்கள். அவர்களை அறியாமையில் வைத்திருப்பது பாதுகாப்பாகாது. பரம்பிக்குளத்துக்கு மறுபுறம் வால்பாறையில், யானை எந்தப் பகுதியில் நிற்கிறது என்று குறுஞ்செய்தியாலும் சிவப்பு விளக்காலும் தொழிலாளர்களுக்கு அறிவிக்கும் ஏற்பாட்டை இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை ஆய்வாளர்கள் ஊர்மக்களோடு சேர்ந்து செய்தார்கள், உயிரிழப்புகள் குறைந்தன. யானையின் நடமாட்டத்தை அறிவது அங்கே உயிர்காக்கும் கல்வி.

கூலிக்குப் போகும் பெற்றோருக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்றும் கேட்கிறார்கள். ஞாயிறு ஒருநாள்தான் ஓய்வு. அன்றுதான் சந்தை, துணி துவைப்பது, விறகு, கோயில் எல்லாம். உண்மை. அதனால்தான் நாள் முழுவதும் நடக்கும் விழாக்களைவிடப் பதினைந்து நிமிட வேலையை நான் ஆதரிக்கிறேன். இதில் பெரியவர்கள் செய்யும் வேலைக்குக் கூலி கொடுக்கப்பட வேண்டும் என்பதையும் அழுத்திச் சொல்வேன். பழங்குடிப் பெரியவர் பாதை காட்டினால் அது ஆசிரியப் பணி, அதற்குரிய மரியாதையும் சம்பளமும் உண்டு. பெரியாறு புலிகள் காப்பகத்தில் 1990களின் பின்பகுதியில், காட்டு இலவங்கப் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்துவந்தவர்களே சூழல் மேம்பாட்டுக் குழுவாகி வழிகாட்டிகளானார்கள். அங்கே 'வசந்த சேனை' என்ற பெயரில் பெண்கள் முறைவைத்துக் காட்டைக் காவல் காக்கிறார்கள். காட்டை அறிந்தவர்களின் அறிவுக்கு வருமானமும் மதிப்பும் கிடைக்கும்போது என்ன நடக்கும் என்பதற்கு இருபது ஆண்டுக்கும் மேலான சான்று தேக்கடியில் இருக்கிறது. ஆனால் அந்த வழிகாட்டிகள் இன்று பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளுக்கே பாதை காட்டுகிறார்கள். மாதத்தில் ஒரு காலை அவர்கள் குமுளி, வண்டிப்பெரியாறு குடும்பங்களோடு நடக்க அரசு சம்பளம் கொடுத்தால், அதைவிடப் பயனுள்ள சூழல் கல்விச் செலவு வேறொன்று இருக்காது என்பேன்.

இதற்குப் புதிய துறை ஏதும் தொடங்க வேண்டாம். 2002-ன் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு உண்டு. மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதி, அவ்வப்போது புதுப்பிப்பதும் அதன் வேலை. கேரளத்தின் பெண்கள் அமைப்பான குடும்பஸ்ரீயில் பிள்ளைகளுக்குப் பாலசபைகள் இருக்கின்றன. கேரளத்தின் எல்லையோர ஊர்களில் தமிழ்வழிப் பள்ளிகள் இருக்கின்றன. மூன்றையும் இணைத்து, பிள்ளைகளும் பெற்றோரும் எடுத்த மரக் குறிப்பையும் மழைக் கணக்கையும் அந்தப் பதிவேட்டில், எடுத்தவர் பெயரோடு ஏற்றினால், பதிவேடு உயிர்பெறும். குறிப்புப் படிவங்களும் பறவை, மரப் பெயர்களும் தமிழிலும் இருக்க வேண்டும். மறையூர்க்காரர் ஒரு மரத்துக்கும் கொழிஞ்சாம்பாறைக்காரர் அதே மரத்துக்கும் சொல்லும் பெயர்களையும் சேர்த்தே அச்சிட வேண்டும். 2025 ஏப்ரலில் கேரள, தமிழ்நாடு வனத்துறைகள் ஒரே நாட்களில் வரையாடுகளை எண்ணி, கேரளத்தில் 1,365, தமிழ்நாட்டில் 1,303 என்று ஒரே அறிக்கையாகத் தந்தன. எல்லை தாண்டி அதிகாரிகள் செய்ததைக் குடும்பங்களும் செய்யலாம். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு ஒவ்வோர் ஆண்டும் பொங்கலையொட்டி நான்கு நாட்கள் நடக்கிறது. ஓரிடத்தில் பதினைந்து நிமிடம் நின்று, கண்டதையும் கேட்டதையும் எண்ணி எழுதினால் போதும், கட்டணம் கிடையாது. மறையூரில் ஒரு குடும்பமும் உடுமலையில் ஒரு குடும்பமும், கொழிஞ்சாம்பாறையில் ஒன்றும் பொள்ளாச்சியில் ஒன்றும் அந்த நாளில் சேர்ந்து எண்ணட்டும். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். இந்தப் பகுதிகளில் இதை வாசிக்கும் பெற்றோர் இந்த வாரமே வீட்டுப் பக்கத்தில் ஒரு மரத்தைப் பிள்ளையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், தேதி போட்டு முதல் குறிப்பை நீங்களும் சேர்ந்து எழுதுங்கள், வீட்டில் மூத்தவர் இருந்தால் அவர் சொல்வதையும் அதன் கீழே எழுதிவையுங்கள்.